சரிவில் நின்றுவிட்ட மார்ஷல்

எங்கள் ஊர் இறைச்சி ஆலையில் இயக்குநருக்கு அடுத்த பெரிய பதவியில் இருந்தது ஓர் ஆடு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இயக்குநர் இர்கலியெவ் விடுப்பில் போனால் ஆலை ஓடும். இன்னும் கொஞ்சம் நன்றாகவே ஓடும். மார்ஷல் ஒருநாள் படுத்துவிட்டால் ஆலையே படுத்துவிடும்.

மார்ஷல் காயடித்த வெள்ளாட்டுக் கடா. மந்தைக்கு முன்னால் நடக்கிற இந்த மாதிரிக் கடாவை நாங்கள் செர்கே என்போம். புல்வெளியில் செர்கே எங்கே போகிறதோ அங்கே செம்மறிகள் கேள்வி கேட்காமல் போகும். அது ஆற்றில் இறங்கினால் ஆற்றில், பனியில் இறங்கினால் பனியில். இந்தக் கண்மூடித்தனத்தை ஆலை வீணடிக்கவில்லை. கீழே பட்டி, மேல்மாடியில் வெட்டுக்கூடம், இரண்டுக்கும் நடுவே நீளமான மரப்பலகைச் சரிவு. இரத்த வாடை மூக்கில் ஏறியதும் செம்மறி காலை ஊன்றிக்கொள்ளும். கம்பால் அடித்தாலும் நகராது. மார்ஷல் முன்னால் நடந்தால் மட்டும் ஏறும். சரிவின் உச்சியில் இடது பக்கம் ஒரு குறுகலான கதவு உண்டு. மார்ஷல் அதன் வழியாக வெளியே வந்துவிடும். நம்பி வந்தவை நேராகப் போய்விடும். தன் பின்னால் வந்தவர்களை எல்லாம் உள்ளே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் முழுசாகத் திரும்பி வருவதால்தான் அதற்கு மார்ஷல் என்று பெயர். பெயரை வைத்தவர் போரில் ஒரு காலை விட்டுவிட்டு வந்த வாயிற்காவலர். அவரிடம் யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை.

மார்ஷலின் ஆள் செயில்பெக். ஆலைக்காரர்கள் மரியாதையாகச் சுருக்கி ‘சேக்கெ’ என்று கூப்பிடுவார்கள். பழைய இடையன், நெஞ்சில் சளி கட்டிப் புல்வெளிக் காற்று ஒத்துக்கொள்ளாமல் ஊருக்குள் வந்தவன். யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாதவன். அவனுக்கும் மனைவி ரைகானுக்கும் பிள்ளையில்லை. தாய் செத்துப்போன ஒரு குட்டியை அடுப்பங்கரையில் வைத்துப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். அந்தக் குட்டி வளர்ந்துதான் மார்ஷல் ஆனது. அரசாங்க உத்தியோகம் கிடைத்த பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலத்தான் ரைகான் அதைப் பற்றி அக்கம்பக்கத்தில் பேசுவாள்.

பழக்கியது முழுக்கச் செயில்பெக். அடியில்லை, திட்டில்லை. பையில் உப்புத் தடவிய ரொட்டித் துண்டுகள், அவ்வளவுதான். முதலில் கடா சரிவின் பக்கம் தலையைத் திருப்பினால் ஒரு துண்டு. பிறகு தலையைத் திருப்பினால் மட்டும் போதாது, ஒரு குளம்பைப் பலகையில் வைக்க வேண்டும். அப்புறம் இரண்டு குளம்பு. அப்புறம் பாதிச் சரிவு. கடைசியில் உச்சிக்குப் போய்ப் பக்கக் கதவைத் தாண்டினால்தான் ரொட்டி. பனி உருகுவதற்குள் மார்ஷல் மணிச்சத்தம் கேட்டதும் தானாகப் புறப்பட்டு, தானாக ஏறி, கதவுக்கு வெளியே வாயைத் திறந்துகொண்டு நிற்கக் கற்றுவிட்டது. செம்மறிகளைப் பற்றிச் செயில்பெக் நினைப்பதில்லை. நினைத்தால் அந்த வேலையில் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது. உச்சியில் கதவைத் திறந்துகொண்டு வருகிற அந்தத் தாடி வைத்த முகத்தை மட்டும் பார்ப்பான், ரொட்டியைக் கொடுப்பான், கழுத்தைச் சொறிந்துவிடுவான். அப்படியே வருடங்கள் போயின.

எல்லாம் கெட்டது ஓர் உறைபனிக் காலையில்.

இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி. பலகைகள் கண்ணாடியாய்க் கிடந்தன. பாதிச் சரிவில் மார்ஷலுக்குக் குளம்பு வழுக்கியது. முழங்காலில் விழுந்து, எழுந்து, நின்றது. நின்றதுதான், நகரவில்லை. பின்னால் செம்மறிகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு கத்தின. மேலிருந்து வெட்டுக்கூட மேஸ்திரி எவால்ட் எட்டிப் பார்த்து, “என்ன சேக்கெ, மார்ஷல் சிலைக்குப் போஸ் குடுக்குதா?” என்று கத்தினான்.

செயில்பெக் பக்கவாட்டுக் கட்டையில் தொற்றி ஏறி அதன் அருகே போனான். கடாவின் கால் நடுங்குவதைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் பட்டிருக்காது. எங்கள் ஆட்கள் ரொட்டியில் வாய் வைக்காமல் வாசலைத் தாண்டுவதில்லை. எவ்வளவு அவசரமானாலும் ஒரு விள்ளல் கடித்துவிட்டுத்தான் கிளம்புவோம். கடித்துவிட்டுப் போனவன் திரும்பி வருவான். செயில்பெக்கின் தகப்பன் போருக்குக் கிளம்பிய அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வாய் வைக்காமல் ஓடினார். வரவில்லை. அன்றைக்கு அம்மா ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலடி வரைக்கும் பின்னாலேயே ஓடியதைச் செயில்பெக் பார்த்தவன்.

‘அட பாவமே, இத்தனை வருஷமா இவனை வெறும் வாயோட மேல அனுப்பிட்டிருக்கேனே!’

பையிலிருந்த துண்டை எடுத்து மார்ஷலின் உதட்டில் வைத்தான். “வாய் வச்சிட்டுப் போடா ராசா. வாய் வைக்காம யாராவது கிளம்புவாங்களா?”

மார்ஷல் தின்றது. உப்பை நக்கியது. தலையை ஆட்டிக்கொண்டு நிம்மதியாக ஏறிப் போனது. செயில்பெக் அன்று மாலை ரைகானிடம் பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவன் போலச் சொன்னான்.

மறுநாள் பனி இல்லை; பலகை காய்ந்து கிடந்தது. மார்ஷல் அதே பலகையில் நின்றது. நின்று, கழுத்தைத் திருப்பி, செயில்பெக்கின் பையைப் பார்த்தது.

அதற்கடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு துண்டுக்கு நின்றது பிறகு இரண்டு துண்டுக்கு நின்றது. ஓர் இடத்தில் நின்றது பல இடங்களில் நின்றது. ரைகான் சுடுகிற ரொட்டியெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோக, உச்சியில் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் உச்சிக்குப் போவதில் மார்ஷலுக்கு இருந்த ஆர்வமும் போய்விட்டது.

ஆலையில் இதற்கு வேறு விளக்கம் கிளம்பியது. பட்டிப் பெண்களுக்குத் தலைவி உல்டுவர் அப்பாய்தான் முதலில் சொன்னாள். மூத்த பெண்களை நாங்கள் அப்பாய் என்போம். அவள் போர் விதவை. ஆலையில் அவள் வார்த்தைக்கு எதிர்வார்த்தை கிடையாது.

“மார்ஷலுக்கு மனசாட்சி வந்துடுச்சு. எத்தனை உசுர கூட்டிட்டுப் போயிருக்கு! பாரம் ஏறாதா?”

“மனசாட்சியா?” என்றான் எவால்ட். “இங்க மனுஷங்களுக்கே வரல, அப்பாய்.”

“உனக்கு எங்கேருந்து வரும்? நீ கத்தியோட பொறந்தவன்.”

விஷயம் பரவியது. அலுவலகக் கணக்கர்கள் மதிய இடைவேளையில் மனசாட்சியைப் பார்க்க வந்தார்கள். இரண்டு பேர் சில நாட்கள் கறி தின்பதை நிறுத்தினார்கள். உணவுக்கூடத்தில் ஆட்டுக்கு ஆன்மா உண்டா என்று சண்டை வந்து, கட்சிக்காரர் ஒருவர் நுழைந்ததும் எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். மார்ஷல் பலகையில் முன்னங்காலை மடக்கி, தொலைவைப் பார்த்துக்கொண்டு, தாடி காற்றில் ஆட நிற்கும்போது அதைப் பார்த்தவர்களுக்கு உண்மையாகவே கண்ணில் நீர் வந்தது. செயில்பெக்குக்கும் வந்தது. பிறகு பையில் கையை விடுவான்.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

இர்கலியெவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவரும் வெகுமதியில் நம்பிக்கை உள்ளவர். எந்தப் பிரிவு பின்தங்குகிறதோ அந்தப் பிரிவை உற்சாகப்படுத்த வார முடிவில் ஆளுக்கொரு கொத்திறைச்சிப் பொட்டலம் கொடுப்பார். இந்த ஏற்பாடு வந்த நாளிலிருந்து எல்லாப் பிரிவுகளும் முறை வைத்துப் பின்தங்கின. தோல் பதனிடும் பிரிவு மட்டும் தெரியாத்தனமாகத் தொடர்ந்து நன்றாக வேலை செய்து பெண்டாட்டிகளிடம் ஏச்சு வாங்கியது.

“ஆட்டுக்கு என்ன வியாதி, செயில்பெக்?”

“வியாதி இல்லீங்க, தோழர் இயக்குநர். யோசிக்குது.”

“யோசிக்குதா? இந்த ஆலையில யோசிக்கறதுக்குன்னு தனியா ஆள் போட்டிருக்கு. அந்த ஆள் நான்.” தேநீரை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். “வெள்ளிக்கிழமை தலைநகர்லேருந்து குழு வருது. நேரா சரிவுக்குத்தான் வருவாங்க. அன்னிக்கு உன் மார்ஷல் யோசிச்சுதுன்னா, பக்கக் கதவு வேண்டாம். நேராவே போகட்டும்.”

“நேரான்னா...”

“கிழட்டுக் கடா. வேகவைக்க நேரமாகும், கொத்துக்கறிக்குத் தாங்கும்.”

செயில்பெக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ‘முடியாது’ என்ற சொல் அவனிடம் இருந்ததில்லை, அன்றும் வரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டில் ரைகான் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கை நின்றது. அழவில்லை. மாவை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: “நின்னா ரொட்டி குடுக்கறீங்க. சரி. நடந்தா?”

“நடந்தாத்தான் நடந்து போயிடுதே.”

“அப்ப அது நிக்காம என்ன பண்ணும்? எனக்கு யாராவது சும்மா நிக்கறதுக்கு உப்பு ரொட்டி குடுத்தா நானும் நிப்பேன். உங்க இயக்குநர் பொட்டலம் குடுக்கற கதைதான். மனசாட்சியாம், மண்ணாங்கட்டியாம்!”

செயில்பெக்குக்குத் தலையில் ஆணி அடித்தது போல இருந்தது. தன் கையாலேயே, தன் பிள்ளைக்கு, துண்டு துண்டாகச் சாவை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

“இனி வழியில ஒரு பொடி கிடையாது,” என்றாள் ரைகான். “செத்தாலும் உச்சியிலதான். குட்டியில எப்படிக் கத்துக்குடுத்தீங்களோ அப்படி.”

“கத்துமே.”

“கத்தட்டும். கத்தறது உசுரோட இருக்கறதுதானே?”

மறுநாள் காலை மார்ஷல் தன் பலகைக்கு வந்து நின்றது, திரும்பிப் பார்த்தது. செயில்பெக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உச்சியைப் பார்த்தான். மார்ஷல் காத்திருந்தது. செருமியது. அப்புறம் கத்த ஆரம்பித்தது. வெள்ளாட்டின் கத்தலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், குழந்தையைக் கிள்ளியது போலவே இருக்கும். பலகையை முட்டியது. செயில்பெக்கின் விலாவை முட்டியது. கடைசியில், எது எப்போதோ பலித்ததோ அதையும் செய்து பார்த்தது: முழங்காலில் விழுந்து, எழுந்து, காலை நடுக்கிக் காட்டியது. பலகையில் ஒரு துளிப் பனி கிடையாது.

செயில்பெக் கண்ணை மூடிக்கொண்டான். கீழே பட்டிப் பெண்கள் “ஐயோ, பாக்க முடியல!” என்றார்கள். மேலே எவால்டின் ஆட்கள் கத்தியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து ஆள்மேல் ஆள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். சளி கட்டிய நெஞ்சு விசிலடிக்க, செயில்பெக் அசையாமல் நின்றான். ஆடு நிற்பதையும் மனிதன் நிற்பதையும் பார்த்து எது பிடிவாதம், எது மனசாட்சி என்று கணக்கர்களுக்கே குழப்பம் வந்தது.

மார்ஷல் களைத்துப்போய்த்தான் ஏறியது. கதவுக்கு வெளியே செயில்பெக் மூச்சு வாங்க ஓடி வந்து முழு ரொட்டியையே பிட்டு ஊட்டினான். ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அடுத்த நாள் கத்தல் குறைந்தது. அதற்கடுத்த நாள் மார்ஷல் பலகையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இந்த ஆள் தேற மாட்டான் என்பது போல மூக்கைச் சிந்திவிட்டு ஏறிவிட்டது. உச்சியில் ரொட்டி. செயில்பெக் அன்று வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு போனான். ரைகான் பால் ஊற்றித் தேநீர் போட்டாள். வியாழன் ஒருநாள் தாண்டினால் வெள்ளி.

வியாழன் காலை மார்ஷல் கம்பம் நட்டது போல நின்றது. கத்தவில்லை, முட்டவில்லை, விழுந்து காட்டவில்லை. பொறுமையாக நின்றது. எங்கோ ரொட்டி வந்துகொண்டிருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவனின் பொறுமை அது. செயில்பெக்குக்குச் சந்தேகம் தட்டியது. உச்சிக்குப் போவது போலப் போய், சரிவுக்கு அடியில் குனிந்து வந்து பார்த்தான். பலகை இடுக்கு வழியாக ஒரு கை மேலே நீண்டிருந்தது. கையில் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, பாவுர்சாக்.

“அப்பாய்! என்ன பண்றீங்க?”

உல்டுவர் அப்பாய் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “நீ குடுக்கல. நானும் குடுக்கக் கூடாதா? வாய் வைக்காம ஒரு சீவன மேல அனுப்பறியே, நீயெல்லாம் மனுஷனா?”

“அது உள்ள போகாது அப்பாய்! பக்கக் கதவால வெளிய வந்துடும்!”

“வந்துடும்னு நீ சொல்ற. எங்க வீட்டுக்காரரும் வந்துடுவேன்னுதான் சொல்லிட்டுப் போனார்.”

  அன்று உறைபனியில் செயில்பெக் சொன்னதைத்தான் அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“தினமும் குடுத்தீங்களா?”

“தினமும் எங்க முடியுது? கண்ணுல படறப்ப எப்பவாவது.”

எப்பவாவது! அதுதான் கொன்றது. தினமும் கிடைப்பது ஒருநாள் கிடைக்காவிட்டால் ஆடு சந்தேகப்படும். கொஞ்ச நாளில் விட்டுவிடும். எப்போதாவது கிடைப்பது எத்தனை நாள் கிடைக்காவிட்டாலும் ஆடு நம்பிக்கொண்டே நிற்கும். எங்கள் ஊரில் அரசாங்கக் குடியிருப்புக்கு மனுப் போட்டவர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். வருடத்துக்கு ஒருவனுக்குச் சாவி கிடைக்கிறது. மீதிப்பேர் ஆயுள் முழுக்க வரிசையை விட்டு நகர்வதில்லை.

செயில்பெக் மேலே எவால்டிடம் ஓடினான். எவால்டாவது கொஞ்சம் புத்தியுள்ளவன். “அப்பாயிடம் நீங்க சொல்லுங்க எவால்ட். நாளைக்கு இது நின்னா உங்க கைதான்...”

எவால்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேலங்கிப் பையில் பாதி ரொட்டி துருத்திக்கொண்டிருந்தது.

“நீங்களுமா?”

“கோவிச்சுக்காதீங்க சேக்கெ.” மேஸ்திரியின் குரல் தாழ்ந்துவிட்டது. “அது நிக்கறப்பதான் எங்க ஆளுங்க உக்காருறாங்க. வேற எப்ப உக்காருறது? கை மரத்துப்போகுது, கத்தி தானா நழுவுது. அது நின்னா ஒரு வாய் டீ குடிக்கறோம். இங்க யாரும் எங்களுக்கு மூச்சு விட நேரம் குடுத்ததில்ல, அந்தக் கடாவைத் தவிர. அதுக்குப் பதிலா ஒரு துண்டு ரொட்டி குடுத்தா தப்பா?”

ஆலையின் மனசாட்சி எங்கிருந்து வந்தது என்று செயில்பெக்குக்கு அப்போதுதான் புரிந்தது.

மதியம் உணவுக்கூடத்தில் அவன் எல்லோர் முன்னாலும் தொப்பியைக் கழற்றினான். அவன் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. “நாளைக்கு ஒரு நாள். கெஞ்சிக் கேட்டுக்கறேன். யாரும் குடுக்காதீங்க. குடுக்கறது பாசம்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அது பாசம் இல்ல, கயிறு.”

எல்லோரும் சத்தியம் செய்தார்கள். உல்டுவர் அப்பாய் தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டே செய்தாள். ஆனால் செயில்பெக் ஆட்டைப் பழக்கியவன். காலம் கடந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள் பட்டினியால் இது மாறாது. வேலை முடிந்ததும் மார்ஷலின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போனான். ஒற்றைக்கால் காவலர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, ஒரு ஈரல எடுத்துச் சட்டைக்குள்ள மறைச்சுட்டுப் போ, நான் கண்ண மூடிக்கறேன். அதான் இங்க வழக்கம். நாலு காலோட நடந்து போறத நான் எப்படிப்பா பாக்காம இருக்கறது?”

“அண்ணே, நாளைக்குக் கொன்னுடுவாங்க.”

“தெரியும்.” காவலர் கோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “எனக்கும் பேரக்குழந்தைங்க இருக்கு. திரும்பிப் போ.”

வெள்ளிக்கிழமை குழு வந்தது. கனத்த கோட்டுப் போட்ட மூவர். அவர்களில் ஒரு பெண்மணி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. இர்கலியெவ் புதுத் தொப்பியும் பழைய சிரிப்புமாகச் சரிவின் அடியில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. மார்ஷல் புறப்பட்டது. அதன் பின்னால் செம்மறிகள் பலகையதிர ஏறின. ஒரு கணம் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது.

அந்தப் பலகை வந்தது. மார்ஷல் நின்றது.

யாரும் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர்கள் வாக்கைக் காப்பாற்றினார்கள்; ஆலையின் வரலாற்றில் முதல்முறை. பட்டிப் பெண்கள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். மார்ஷல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கத்தியது. முழங்காலில் விழுந்தது. எழுந்து காலை நடுக்கியது. தெரிந்த வித்தை எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து காட்டியது. தலைநகர்க்காரர்கள் ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டப் பார்த்தார்கள்.

“ஏன் நின்னுடுச்சு?” என்றாள் கைக்குட்டைப் பெண்மணி.

இயக்குநரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கழுத்து மட்டும் சிவந்தது. மேலே பார்த்து விரலை அசைத்தார். எவால்டின் ஆள் ஒருவன் கயிற்றோடு சரிவில் இறங்கினான். எவால்ட் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

செயில்பெக் பக்கக் கட்டையைத் தாண்டிக் குதித்தான். ஏன் குதித்தான் என்று பிறகு பலரும் கேட்டார்கள். அப்போது அவனுக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது: வரிசை நகர்ந்தால் கயிற்றுக்கு வேலை இல்லை. வரிசை நகர முன்னால் ஏதாவது நடக்க வேண்டும். மார்ஷலுக்கு முன்னால் போய் நின்றான். இடையனாக இருந்தபோது மந்தையை அழைத்த சத்தம், “ஷூ... ஷோ... ஷூ...” என்று எப்படியோ தொண்டைக்கு வந்தது. நடந்தான்.

செம்மறிகள் தலையைத் தூக்கின. பழக்கமான முதுகு, போகிற போக்கில் தயக்கமில்லை. அவற்றுக்கு அது போதும். மார்ஷலை இரண்டு பக்கமும் உரசித் தாண்டிக்கொண்டு அவன் பின்னால் வந்தன. பலகையில் குளம்புச் சத்தம் மழை மாதிரி கேட்டது. கயிற்றுக்காரன் சுவரோடு ஒட்டி வழிவிட்டான். ஒரு சூடான மூச்சு செயில்பெக்கின் கையில் பட்டது. எதுவோ நம்பிக்கையாக அவன் விரலை நக்கியது. அவன் கையை இழுத்துக்கொண்டான். உச்சி. இடது பக்கம் கதவு. ஆட்டுக்கு வெட்டிய கதவு. பஞ்சு வைத்த மேலங்கி போட்ட மனிதனுக்குப் போதவில்லை. பொத்தான்கள் தெறிக்க நெருக்கிக்கொண்டு வெளியே விழுந்தான். மற்றவை நேராகப் போயின.

கீழே குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இது என்ன முறை, தோழர் இர்கலியெவ்?”

இயக்குநர் கண்ணிமைக்கவில்லை. அவர் அந்த நாற்காலிக்குச் சும்மா வந்துவிடவில்லை. “புது முறை. உற்பத்திய ஒரு மிருகத்த நம்பி விடறதில்ல. பொறுப்பான தொழிலாளியே முன்னால போறார்.”

“அருமை!” என்றார் மூவரில் மூத்தவர். “இன்னொருமுறை காட்டச் சொல்லுங்க.”

செயில்பெக் இன்னொருமுறை போனான். அப்புறம் அடுத்த பட்டி. அன்று மாலை வரைக்கும் அவன்தான் போனான், ஒருமுறைகூட நிற்கவில்லை. எவால்டின் ஆட்களுக்கு உட்கார நேரம் கிடைக்கவில்லை.

குழு கிளம்பியதும் இர்கலியெவ் அவன் தோளில் கை போட்டார். “நாளையிலேருந்து நீதான்.”

“மார்ஷல்?”

“அதுக்கு இனி என்ன வேலை? கயிறு தயாரா இருக்கு.”

செயில்பெக் வாயைத் திறந்தான். இந்த முறை வந்துவிட்டது. “முடியாது.”

“என்ன?”

“அது போச்சுன்னா நான் போகமாட்டேன். வேற கடாவ வளர்த்துப் பழக்க வருஷமாகும். மார்ஷல் இருந்தா நடப்பேன்.”

இயக்குநர் அவனைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். வெகுமதிகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தது தவறு. “சரி,” என்றார் மெதுவாக. “பட்டியிலயே கிடக்கட்டும். நீ நிக்காம நடக்கற வரைக்கும் அதுவும் இருக்கட்டும்.”

அந்த வாரக் கொத்திறைச்சிப் பொட்டலம் செயில்பெக்குக்குக் கிடைக்கவில்லை. அவன் பின்தங்கவில்லையே.

வீட்டில் ரைகான் அவன் மேலங்கியில் புதுப் பொத்தான்கள் தைத்தாள். கதவில் மாட்டாதபடி தட்டையானவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்: “மேல போறப்ப எப்படி இருக்கு?”

செயில்பெக் யோசித்தான். “திரும்பிப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

மறுநாள் காலை மணி அடித்தது. சத்தம் முடிவதற்குள் அவன் பாதிச் சரிவில் இருந்தான். பின்னால் குளம்புகள் வந்துகொண்டிருந்தன. பட்டிக் கம்பிக்கு அந்தப் பக்கம் மார்ஷல் கழுத்தை நீட்டி, அவன் போவதைப் பார்த்துக்கொண்டே எதையோ மென்றுகொண்டிருந்தது.